மருத்துவமனை வாயிலும் திருநங்கையரும்

நம் குடியிருப்பில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் அச்செய்தி முதலில் எட்டுவது பால்காரருக்கு. அடுத்தபடியாக எட்டுவது, கைதட்டிப் பாடிக்கொண்டு படியேறி வரும் அந்த நால்வருக்கு. வங்க மக்கள் ‘ஹிஜ்ரா’ என்று அழைக்கும் அவர்கள் குழந்தையை மடியில் வாங்கி, ஆடி, வாழ்த்தி, பணமும் அரிசியும் புடவையும் கேட்பதை ஜாதவ்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அறியாதார் இலர். வாசலில் நடக்கும் பேரத்தில் நம் தாய்மார்கள் பேசும் வங்காளி எவ்வளவு சரளமாகிவிடுகிறது என்பதையும் நாம் அறிவோம். அவர்கள் போன பின், கதவைச் சாத்திவிட்டு, குழந்தைகள் காதில் விழாதபடி ஒரு கேள்வி எழும். “இவர்கள் பிறவியிலேயே இப்படியா, எங்கேயாவது போய் அறுத்துக்கொள்கிறார்களா?” தாழ்ந்த குரலில் கேட்கப்படும் அக்கேள்விக்குப் பின்னே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சட்ட வரலாறு ஒன்று நிற்கிறது. அதனை இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தேன்.

நான் சட்டம் பயின்றவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று, இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முன்பதிவுச் சாளரத்துக்குப் பின்னால் காலம் கழிப்பவன். இவ்வரலாற்றை நான் தேடிப் படிக்க நேர்ந்ததும் அச்சாளரத்தினால்தான்.

கல்கத்தாவிலிருந்து சென்னைக்கும் காட்பாடிக்கும் செல்லும் வண்டிகளில் ஏறுவோருள் மிகப் பலர் நோயாளிகளும் அவர்தம் உற்றாருமே. ‘வேலூர்’ என்றால் வங்காளியின் செவிக்கு அது ஊரின் பெயரன்று, மருத்துவமனையின் பெயர். 2012ஆம் ஆண்டில் ஒரு நாள் அத்தகைய வரிசையில் ஒரு திருநங்கை நின்றார். அக்காலத்துப் படிவத்தில் ஆண், பெண் என இரண்டே பிரிவுகள். அவர் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தார். “ஏதாவது ஒன்றை எழுது, பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்” என்று நான் வங்காளியில், ஒருமையில், அதட்டினேன். என் நாவின் வாடையைக் கொண்டே என்னைத் தமிழன் என்று கண்டுகொண்ட அவர் தமிழில் மறுமொழி கூறினார்:

“அண்ணே, நீங்களே எதையாவது போட்டுக்குங்க. மெட்ராசுல கவர்மெண்டு ஆஸ்பத்திரியில எனக்கு ஆபரேசன். எங்கூட இருந்தவ ஒருத்தி இங்க ஒரு வீட்டுல வச்சு அறுத்துக்கிட்டா, மூணாம் நாளு போயிட்டா. அங்கன்னா கத்தி டாக்டர் கையில இருக்கும்.”

நான் ‘ஆண்’ என்று பதிந்து சீட்டைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை வீடு திரும்பும் வரையில் அந்தக் கடைசிச் சொற்களே என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தன. கத்தி மருத்துவர் கையில் இருப்பதும் ஒரு பேறாகுமா? அது வேறு கைக்கு எப்படிப் போயிற்று? இதுவே நான் விடை தேடிய வினா.

பழந்தமிழ் நூல்களில் இவர்கள் புதியவர் அல்லர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இவர்களை எந்தத் திணையில் வைப்பது என்பதை எடுத்துக்கொண்டு, உயர்திணையிலேயே வைத்துச் சொல்முடிபு கூறிவிட்டார். சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோராடலுள் ‘பேடு’ என்பதும் ஒன்று. கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைதோறும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் விழாவை நம்மில் பலர் ஊரில் கண்டிருப்போம். இலக்கணம் கொடுத்த இடத்தை நம் வீடுகள் கொடுத்தனவா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆயினும் இவர்களைக் குற்றவாளிகள் என்று ஏடெழுதிப் பதிந்து வைக்கும் வழக்கம் நம்மிடம் தோன்றியதன்று. அது வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்தது.

1852ஆம் ஆண்டில், இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த மைன்புரி மாவட்டத்தில் பூரா என்னும் ஹிஜ்ரா கொலையுண்டார். கொலையுண்டவரிடத்து இரக்கம் பிறந்திருக்க வேண்டும். பிறந்ததோ அவ்வினத்தார் அனைவர் மீதும் ஐயம். வடமேற்கு மாகாணத்து அதிகாரிகள் இக்கூட்டத்தாரைக் காலப்போக்கில் இல்லாமற் செய்வதெப்படி என்றே தமக்குள் எழுதிக்கொள்ளலாயினர். 1860ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 320ஆம் பிரிவு கொடுங்காயம் இன்னதென்று வரிசைப்படுத்தியது. கண் போதல், செவி போதல், எலும்பு முறிதல் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னே, முதலாவதாக வைக்கப்பட்டது ஆண்மை நீக்கல். அதைச் செய்தவருக்கு ஏழாண்டு வரை சிறை. ஒருவர் தம் மனமொப்பிக் கேட்டுக்கொண்டாலும், கொடுங்காயத்துக்கு அந்த ஒப்புதல் பொதுவாகச் செல்லாது. நோயாளியின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சிகிச்சைக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆணுடலைப் பெண்ணுடலாக்குவது நன்மையா என்று அந்நாளில் யார் கேட்டார்கள்?

அடுத்து வந்தது 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். கள்ளர், மறவர் முதலியோரை வாட்டிய ரேகைச் சட்டமாக இதனை நம் பெரியோர் அறிவர். அதற்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டென்பதைத் தமிழர் அவ்வளவாக அறியார், ஏனெனில் அச்சட்டம் முதற்கண் வடமேற்கு மாகாணம், அயோத்தி, பஞ்சாப் ஆகிய இடங்களுக்கே உரியதாயிருந்தது. இரண்டாம் பகுதி முழுவதும் இவர்களைப் பற்றியதே. குழந்தைகளைக் கடத்துவோர் அல்லது ஆண்மை நீக்குவோர் என ஐயுறப்படுபவர் பெயர்களையும், 377ஆம் பிரிவின் கீழ்க் குற்றம் செய்பவர் என ஐயுறப்படுபவர் பெயர்களையும், அவர்தம் சொத்துகளையும் ஏட்டில் பதிய வேண்டும் என்றது அது. பதியப்பட்டவர் பெண்ணுடை உடுத்தியோ பெண்ணணி பூண்டோ தெருவில் தோன்றினால், பொது இடத்தில் ஆடினால், பாடினால் இரண்டாண்டு வரை சிறை. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவனை வீட்டில் வைத்துக்கொண்டாலும் சிறையே. அவர்கள் உயில் எழுதலாகாது, தானம் கொடுக்கலாகாது, மகவு தத்தெடுக்கலாகாது.

குழந்தைகளைக் காப்பதற்காகவே இது என்று கூறப்பட்டது. குழந்தையைக் கடத்துவது கொடிய குற்றம், ஐயமில்லை. ஆயின் அதற்குரிய தண்டனை பதினோராண்டுகளுக்கு முன்பே தண்டனைச் சட்டத்தில் எழுதப்பட்டாயிற்று. புடவை கட்டுவதையும் பாடுவதையும் தடுத்து எந்தக் குழந்தையைக் காத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இச்சட்டத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்ட இடம் வேறொன்று. யார் இப்பகுதிக்கு உட்பட்டவர் என்பதற்கு அது கூறிய இலக்கணம் அது: தாமே ஒப்புக்கொள்ளும் ஆண்கள், அல்லது மருத்துவச் சோதனையில் ஆண்மையற்றவர் எனத் தெளிவாகத் தோன்றுபவர்கள். இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஆங்கில மருத்துவம் நம் நாட்டில் வேரூன்றிவந்த காலம் அது. கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி தோன்றி முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்றையோர்க்கு மருத்துவர் நாடி பார்க்கவும் காய்ச்சல் தணிக்கவும் வந்தார். இவர்களுக்கோ போலீசாருடன் வந்தார். ஆடையைக் களையச் சொல்லிப் பார்த்து, ஏட்டுக்குச் சான்று எழுதிக் கொடுத்தார். அம்மருத்துவரிடமே போய், “எனக்குச் சிகிச்சை செய்யும்” என்று பிறகு யார் கேட்பார்?

ஆகவே அறுவை நிற்கவில்லை, இடம் மாறியது. ‘நிர்வாணம்’ என்று அவர்கள் சடங்காகப் போற்றும் அச்செயல் நள்ளிரவுக்கும் பூட்டிய அறைக்கும் உரியதாயிற்று. செய்பவர் அவர்களுள்ளேயே மூத்தவர். ‘தாயம்மா’ என்று பெயர். மயக்க மருந்து இல்லை. தையல் இல்லை. உதிரம் நின்றால் பிழைத்தார். நில்லாவிடில் யாருக்கும் சொல்லாமல் புதைத்தார்கள். பிழைத்தவர் சீழ் பிடித்துக் கிடந்தாலும் மருத்துவமனைக்குப் போக அஞ்சினர். அங்கே போனால் முதல் கேள்வி “யார் செய்தது?” என்பதாகத்தானே இருக்கும்!

நாடு விடுதலை பெற்ற பின் 1952ஆம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் நாடெங்கும் ஒழிக்கப்பட்டது. ஆயின் நிஜாமின் ஆட்சியில், 1919ஆம் ஆண்டில், அதே அச்சில் வார்க்கப்பட்ட ஹைதராபாத் சட்டம் ஒன்று ஒழியாமல் நின்றுவிட்டது. ஏட்டில் பெயர் பதிவதும், பெண்ணுடையில் கண்டால் பிடியாணை இல்லாமலே கைது செய்வதும் அதிலும் உண்டு. நிஜாம் போனார், ஆந்திரம் பிறந்தது, தெலங்கானா பிரிந்தது, சட்டம் மட்டும் புத்தகத்தில் இருந்தது. அதனை எதிர்த்துத் திருநங்கையரே வழக்காடினர். 2023ஆம் ஆண்டு ஜூலையில் தெலங்கானா உயர்நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நூற்று நான்கு ஆண்டுகள்!

நிற்க. தமிழ்நாட்டில் நடந்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம்மவர் பெருமை கொள்ளத்தக்க செய்தி அது.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநங்கையர் தம் கதையைத் தாமே எழுதத் தலைப்பட்டனர். ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ 2004இலும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் சரவணன் வித்யா’ 2007இலும் வெளிவந்தன. வீட்டில் பட்ட அடியும், வேலை மறுக்கப்பட்டதும், உடலை மாற்றிக்கொள்ள உயிரைப் பணயம் வைத்ததும் முதன்முதலாக அவர்கள் வாய்மொழியாகவே தமிழருக்குக் கிடைத்தன. அந்நூல்களுள் ஒன்றை நான் ஒரே இரவில் படித்து முடித்தேன். என் மனைவி ஏன் விளக்கு எரிகிறதென்று இருமுறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. மறுநாள் அவளே எடுத்துப் படித்தாள்.

2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தமிழக அரசு இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. அப்பொழுது சமூகநலத் துறை அமைச்சராயிருந்த பூங்கோதை ஆலடி அருணா தாமே ஒரு மருத்துவர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. குடும்ப அட்டையில் இவர்களுக்கென இடம் ஏற்பட்டது. அதனினும் பெரிதாக, அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி இவ்வறுவை சிகிச்சை செய்ய வழி திறந்தது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரேயுள்ள பொது மருத்துவமனையிலும் அது நடைபெறலாயிற்று. மனநல மருத்துவர் பேசிப் பார்க்கிறார், ஊசியும் மாத்திரையும் கொடுத்து உடலைப் பழக்குகிறார்கள், பிறகே அறுவை. காத்திருப்பு நீண்டது, எல்லா ஊரிலும் வசதி இல்லை என்பன போன்ற குறைகள் உண்டு. இருந்தாலும், சட்டம் விரட்டிய கத்தியைச் சட்டமே மீண்டும் மருத்துவர் கையில் வைத்தது. என் சாளரத்தில் சீட்டுக் கேட்டவர் போனது அந்த வாயிலுக்குத்தான்.

நாம் குடியேறிய வங்கமும் சும்மா இருக்கவில்லை. 1999ஆம் ஆண்டு ஜூலையில் கல்கத்தாத் தெருவில் ஒரு சிறு கூட்டம் உரிமை கேட்டு நடந்தது. தென்னாசியாவிலேயே அவ்வகையில் அது முதல் நடை என்பர். மானபி பந்தோபாத்தியாயர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, முனைவர் பட்டம் பெற்று, 2015ஆம் ஆண்டில் கிருஷ்ணநகர் மகளிர் கல்லூரிக்கு முதல்வரானார். நம் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்ற ரிதுபர்ண கோஷ் 2012இல் ‘சித்ராங்கதா’ என்னும் திரைப்படத்தில் இத்தகைய சிகிச்சைக்கு ஆயத்தமாகும் ஒருவரது உள்ளத்தை, தாமே நடித்து, காட்டினார். மணிப்பூர் அரசன் மகளாகப் பிறந்து மகனாக வளர்க்கப்பட்ட சித்ராங்கதையைத் தாகூர் நாடகமாக்கியதை வங்காளிகள் நன்கறிவர். அக்கதையை வைத்தே அவர் இதைச் சொன்னது நல்ல யுக்தி. மறு ஆண்டே அவர் மறைந்தார். பூசைப் பந்தலில் தாகூரைப் பாடும் நம் பிள்ளைகள் இப்படத்தையும் ஒருமுறை காணலாம். பெரியோர் உடனிருந்தால் நன்று.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், தமிழக வாரியம் பிறந்த அதே தேதியில், உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கிற்று. தாம் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலா என்பதை அவரவரே சொல்லிக்கொள்ளலாம், அறுவை செய்தால்தான் ஏற்போம் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றது அத்தீர்ப்பு. மருத்துவமனைகளில் உரிய சிகிச்சை கொடுக்குமாறும் அரசுகளைப் பணித்தது. மறு ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், திருச்சி சிவா கொண்டுவந்த தனி உறுப்பினர் மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. நாற்பத்தைந்து ஆண்டுகளாக எந்தத் தனி உறுப்பினர் மசோதாவும் அவையில் நிறைவேறியிருக்கவில்லை. ஆயின் அது மக்களவையைக் கடக்கவில்லை.

அதற்குப் பதிலாக 2016இல் அரசு கொண்டுவந்த மசோதாவைப் படித்தபோது எனக்கு 1871 நினைவுக்கு வந்தது. ஒருவர் தம்மைத் திருநங்கை என்று சொன்னால் போதாது. மாவட்டந்தோறும் ஐவர் கொண்ட குழு அவரைப் பரிசீலிக்கும். அதில் தலைமை மருத்துவ அலுவலரும் மனநல வல்லுநரும் இருப்பர். அந்தப் பழைய ஏட்டைப் போல இது சிறைக்கு அனுப்பும் ஏடன்று, சலுகைக்காகவே என்றார்கள். ஆனால் மருத்துவரை மீண்டும் சான்று எழுதுபவராக நிறுத்துகிறார்களே என்பதே திருநங்கையரின் கலக்கம். பிச்சை எடுக்கத் தூண்டுவதைக் குற்றமாக்கும் பிரிவும் அதில் இருந்தது. வேலை கொடுக்காமல் பிச்சையைத் தண்டிப்பது என்ன நியாயம்?

டெல்லியிலும் சென்னையிலும் கல்கத்தாவிலும் அவர்கள் தெருவில் இறங்கினர். நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் முறையிட்டனர். 2018 டிசம்பரில் மக்களவை மசோதாவை நிறைவேற்றியது; மாநிலங்களவையை எட்டுமுன் தேர்தல் வந்து அது காலாவதியாயிற்று. 2019இல் புதிதாக வந்த மசோதாவில் ஐவர் குழுவும் இல்லை. பிச்சைப் பிரிவும் இல்லை. எதிர்த்ததனால் பெற்றது அது. அறுவை சிகிச்சைக்கும் ஊசி மருந்துக்கும் அரசு வழிசெய்ய வேண்டும், காப்பீடு வேண்டும், மருத்துவப் பாடத்தைத் திருத்த வேண்டும் என்னும் நல்ல பிரிவுகளும் அச்சட்டத்தில் இடம்பெற்றன. ஆயினும் அறுவைக்குப் பின் ஆண் என்றோ பெண் என்றோ சான்று வேண்டுவோர் மருத்துவமனைச் சான்றோடு மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும் என்னும் பிரிவு நீங்கவில்லை. தெரிவுக்குழுவுக்கு அனுப்புமாறு திருச்சி சிவா கொண்டுவந்த தீர்மானம் தோற்றது.

இங்கே நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் குறுக்கிடக்கூடும். “சிகிச்சையைச் சட்டம் தடுக்கலாகாது என்கிறாயே, மதுரையில் நீதிமன்றமே ஓர் அறுவையைத் தடுக்கவில்லையா?” என்பார். தடுத்தது உண்மை. தூத்துக்குடியில் கோயிலில் மணந்துகொண்ட ஓர் இணையரின் திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில், 2019 ஏப்ரல் 22ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் மணப்பெண் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார். இருபாற் கூறுகளுடன் பிறக்கும் பச்சிளங் குழந்தைகளை வெட்டித் திருத்தி ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கும் அறுவையைத் தடைசெய்யவும் அதே தீர்ப்பில் உத்தரவிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றி, அதனைத் தடைசெய்து ஆணையிட்டது. இரண்டும் முரணல்ல. தொட்டிலில் கிடக்கும் குழந்தை தன் உடலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதன் பெற்றோரின் வெட்கத்துக்காக அதனை அறுக்கிறார்கள். கீழ்ப்பாக்கத்தில் காத்திருப்பவரோ பல்லாண்டு கேட்டுக் கேட்டு வந்தவர். உடலுக்குரியவரின் சொல்லை முதலில் கேள் என்பதையே இரண்டும் சொல்கின்றன.

கேட்கும் அறிவு முன்னேறிய நாடுகளில் நிறைந்திருக்கும் என்று நாம் எண்ணலாம். அமெரிக்காவில் ஆர்க்கன்சாஸ் மாநிலம் 2021இல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்க்கு இச்சிகிச்சையைத் தடைசெய்தது. மாநில ஆளுநர் ஒப்பம் மறுத்தார். சட்டமன்றம் அவரையும் மீறி நிறைவேற்றிற்று. அதனைப் பின்பற்றி இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் செய்தன. டென்னசி மாநிலச் சட்டம் செல்லும் என்று 2025 ஜூன் 18ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சிறு வயதில் எந்த மருந்தை எப்போது கொடுப்பது என்பதில் மருத்துவரிடையே கருத்து வேற்றுமை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனைத் தீர்க்க வேண்டியது மருத்துவரும் பெற்றோரும் அப்பிள்ளையும் உட்கார்ந்து பேசி; மருத்துவரை அச்சுறுத்தும் சட்டத்தால் அன்று. குழந்தைகளின் பெயரால் தொடங்குவது குழந்தைகளோடு நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. உருஷ்யா 2023 ஜூலையில் வயது வந்தோர்க்கும் சேர்த்தே இச்சிகிச்சையை மூடிவிட்டது. 1871உம் குழந்தைகளின் பெயரால்தான் வந்தது.

நம் நாட்டில் மருத்துவர்களைத் திருத்தும் வேலையும் நீதிமன்றத்தின் தலையில் விழுந்தது. இத்தகையோரை ‘மாற்றிச் சரிப்படுத்துகிறோம்’ என்று மின்னதிர்ச்சியும் மாத்திரையும் கொடுப்பாரைத் தடுக்குமாறு 2021 ஜூன் 7ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். தீர்ப்பெழுதுமுன், தமக்கே இது பற்றிப் போதிய அறிவில்லை என்று கூறி, அவர் ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்டார். நீதிபதி ஒருவர் மாணாக்கராக அமர்ந்தது எனக்கு மிகவும் பிடித்தது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய ‘மாற்று வைத்தியம்’ தொழில் ஒழுக்கக்கேடு என அறிவித்தது.

2014ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் எங்கள் படிவத்திலும் மூன்றாவது பிரிவு ஒன்று வந்துவிட்டது. 2012இல் என்னிடம் சீட்டு வாங்கியவர் திரும்பி வந்து மறு சீட்டு எடுத்தாரா என்பதை நான் அறியேன். வேறு சாளரத்தில் எடுத்திருக்கலாம். சென்ற ஆண்டு ஒரு வங்காளி அம்மையார் தம் பிள்ளையுடன் வந்தார். சென்னைக்கு இரண்டு இடம், கீழ்ப்படுக்கை வேண்டும் என்றார். ஆபரேஷனுக்குப் போவது யார் என்று கேட்டேன். அவர் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை தரையைப் பார்த்தது. படிவத்தில் தாயின் பெயருக்கு நேரே எல்லாம் நிரப்பப்பட்டிருந்தது. பிள்ளையின் பெயருக்கு நேரே ஓரிடம் வெறுமையாக இருந்தது. பேனாவைப் பிள்ளையிடம் கொடுத்து, “நீங்கள் எழுதுங்கள், அவசரமில்லை” என்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, எழுதியபடியே பதிந்து, கோரமண்டல் எக்ஸ்பிரஸில் இரண்டு கீழ்ப்படுக்கைகளைக் கொடுத்தேன்.